ஒரு நாற்காலிக்கு நாலு வருஷமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசிய போக்கிலேயே தரப்படுகிறது.)



நம் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டு, "உன் வேலையைப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார். "இப்போ எதில் இருக்கே?" என்றும் கேட்டார். "விமானத்தில் பிஸினஸ் கிளாஸ் நாற்காலி" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "விற்கிறாயா?" என்றார். விற்கவில்லை. அந்த நாற்காலி எந்த அடியில் உடையும், எங்கே உடையும் என்று கணக்குப் போட்டு, உடையாது என்று காகிதத்தில் நிரூபிக்கிற கூட்டத்தில் நான் ஒருவன். பெங்களூரில் ஒரு வடிவமைப்புக் கம்பெனி. நான் இங்கே மெக்கானிக்கல் படித்தவன்.

என் சொந்த ஊர் காரைக்கால்மேடு. இங்கிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். அங்கே என் பெரியப்பாவின் கேள்வி இன்னும் கடுமை. "நாற்காலி செய்ய ஆசாரி போதாதா தம்பி? ஒரு நாற்காலிக்கு நாலு வருஷமா? நாலு வருஷத்துல இங்க நாப்பது போட்டு கட்டி எறக்கிடுவானே" என்கிறார். கேள்வி நியாயமானது. புதிய பிஸினஸ் கிளாஸ் இருக்கை ஒன்றைத் திட்டம் போட்டு, வரைந்து, சோதித்து, முதல் பயணியை அதில் உட்கார வைக்க மூன்று நான்கு வருஷம் ஆவது சகஜம். ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் நாட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2022 ஜனவரி 27-ஆம் தேதி ஏர் இந்தியா டாட்டா கைக்குப் போனது. அப்போது அதன் நெடுந்தூர விமானங்களில் போய் வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அந்த இருக்கைகளின் லட்சணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. படுக்க வைக்கும் பொத்தானை அழுத்தினால் பாதியில் நிற்கும், திரை எரியாது, கை வைக்கும் பலகை கையோடு வரும். அந்த வருஷம் டிசம்பரிலேயே, 27 போயிங் 787-8, 13 போயிங் 777, ஆக 40 பெரிய விமானங்களின் உட்புறத்தை 40 கோடி டாலர் செலவில் மாற்றப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. பணம் தயார், மனசும் தயார். ஆனால் அந்த 787-களில் முதலாவது விமானம் இருக்கை மாற்றத்துக்காகக் கலிஃபோர்னியாவில் விக்டர்வில்லில் உள்ள போயிங் மையத்துக்குக் கிளம்பியது 2025 ஜூலையில். 777-களின் முறை 2027-க்குத் தள்ளிப் போனதாக அதே சமயத்தில் அறிவிப்பு வந்தது. காரணம் இருக்கைகள் வந்து சேரவில்லை என்பதுதான்.

இடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் ஏர்பஸ் ஏ350 பறக்க ஆரம்பித்தது. அதில் கதவு வைத்த 28 பிஸினஸ் இருக்கைகள், 24 பிரீமியம் எகானமி, 264 எகானமி. எல்லாரும் ஆஹா என்றார்கள். அந்த விமானங்கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டப்பட்டவை. உக்ரைன் போருக்குப் பின் வந்த தடைகளால் போய்ச் சேராமல் நின்றவை. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை நமக்கு அளவாக வாய்த்த மாதிரி. இன்னொன்று, உள்நாட்டில் ஓடும் 27 ஏ320 நியோ விமானங்களுக்குப் புது இருக்கை போட்டார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருஷத்தில் முடிந்துவிட்டது. அவை சாய்ந்து கொள்ளும் நாற்காலிகள், படுக்கை ஆகாது. சாதா நாற்காலிக்கு ஒரு வருஷம், படுக்கை நாற்காலிக்கு ஆயுசு. இந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பிஸினஸ் கிளாஸ் என்பதே ரொம்பப் பழைய சமாசாரம் இல்லை. 1970-களின் கடைசியில், முழுக் கட்டணம் கொடுத்தும் மலிவு டிக்கெட்காரர்களோடு நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்கிறதே என்று கம்பெனி வேலையாகப் பறக்கிறவர்கள் முனகியபோது, பான் ஆம், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவான்டாஸ் போன்றவை தடுப்புக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கின. அவ்வளவுதான். கால் நீட்டக் கொஞ்சம் இடம், நல்ல சாப்பாடு. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே வகுப்பில் முழுசாகத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டு வந்தது. ஒருவர் முன்பக்கம் பார்த்து, பக்கத்து ஆள் பின்பக்கம் பார்த்துப் படுக்கிற ஏற்பாடு. 2017-இல் கத்தார் ஏர்வேஸ் கதவும் வைத்துவிட்டது. அதற்கப்புறம் கதவு இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று ஆகிவிட்டது. 2024 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 41 ஏ350 விமானங்களின் உட்புறத்துக்கு 110 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. ஒருத்தர் மாற்றினால் மற்றவரும் மாற்றியே ஆக வேண்டும்.

சரி, பெரியப்பா சொன்ன போட்டுக்கு வருகிறேன். 2004 சுனாமி எங்கள் ஊரை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட்டு பெருகியது. கண்ணாடி நார் மேட்டை அச்சில் விரித்து, ரெசின் தடவி, உருளையால் காற்றுக் குமிழியை நசுக்கி வெளியேற்றி, அடுக்கடுக்காக ஏற்றுகிற வேலையைச் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பிஸினஸ் இருக்கையைச் சுற்றி ஓடு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுவும் இதே சாதிதான். நார், ரெசின், அச்சு. ரெசின் முன்கூட்டியே தடவி வந்திருக்கும். அடுப்பில் அழுத்தி வேக வைப்பார்கள். நடுவே தேன்கூடு போல ஒரு லேசான அடுக்கு. எடையைக் குறைக்கத்தான் அத்தனை பாடும். எகானமி இருக்கை ஆளுக்குச் சுமார் 10 கிலோ. படுக்கை இருக்கை 80 கிலோவைத் தாண்டும். மோட்டார், திரை, விளக்கு, கம்பி, கதவு எல்லாம் அதற்குள். ஐஸ் பெட்டியை எங்கே வைத்தால் போட்டு மூக்கைத் தூக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, இத்தனை எடையை விமானத்தின் முன்பாதியில் வைப்பதில் உள்ள தலைவலி புரியும்.

ஆனால் போட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்த நாற்காலி ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி இருக்கிறது என்பது எங்கள் கவலையில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, விமானம் தரையில் மோதி நிற்கிற அந்த அரை நொடிக்கும் குறைவான நேரத்தைப் பற்றியது.

தம்பிகள் இதைக் குறித்துக் கொள்ளலாம். 1988-க்கு முன்பு, இருக்கையை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசையை முன்பக்கமாகக் கொடுத்து, பிய்ந்து வரவில்லை என்றால் சரி. விபத்துகளில் பார்த்தபோது, உடற்பகுதி அதிகம் சிதையாத விமானங்களிலும் இருக்கைகள் தரையிலிருந்து கழன்று குவிந்து, பயணிகள் நசுங்கியிருந்தார்கள். 1988-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் விதியை மாற்றியது. இப்போது சோதனை எப்படி என்றால், ஒரு தண்டவாள வண்டியில் இருக்கையைப் பூட்டி, 77 கிலோ பொம்மை மனிதனை பெல்ட் போட்டு உட்கார வைத்து, சுமார் 48 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான ஒரு மோதலைக் கொடுக்க வேண்டும். உச்சத்தில் 16 ஜி. 77-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 1,232 கிலோ. ஒரு காரின் எடைக்குச் சமமான விசையோடு அந்த ஆள் பெல்ட்டை இழுக்கிறான். இது போதாதென்று, மோதலுக்கு முன்பே தரைத் தண்டவாளங்களில் ஒன்றை 10 டிகிரி மேலோ கீழோ வளைத்து, இன்னொன்றை 10 டிகிரி முறுக்கி வைப்பார்கள். விபத்தில் தரை கோணிக் கொள்ளும் இல்லையா, அதற்காக. இன்னொரு சோதனை மேலிருந்து கீழாக, 14 ஜி.

இருக்கை பிய்ந்து வராவிட்டால் பாஸ் என்று நினைக்காதீர்கள். பொம்மையின் தலைக்குள் கருவி இருக்கிறது. தலை எதில் இடித்தாலும் தலைக்காயக் குறியீடு என்ற எண் 1,000-ஐத் தாண்டக் கூடாது. தொடை எலும்பில் விழும் விசை 1,020 கிலோவுக்குள். இடுப்பு முதுகெலும்பில் 680 கிலோவுக்குள். தொடை எலும்புக்கு ஏன் கணக்கு? கால் உடைந்தவன் உயிரோடு இருந்தாலும் எழுந்து ஓட முடியாது. புகை அவனுக்காகக் காத்திருக்காது.

இந்த விதியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதில் டிக்கெட் விலை என்ற சொல்லே கிடையாது. லட்சக் கணக்கில் கொடுத்துப் படுத்துக்கொண்டு போகிறவரின் நாற்காலிக்கும், கடைசி வரிசையில் கழிவறைக் கதவோரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து துபாய்க்குப் போகிற நம்ம ஊர்ப் பையனின் நாற்காலிக்கும் அதே 16 ஜி, அதே 1,000. 2009 அக்டோபர் 27-க்குப் பின் அமெரிக்க விமான சேவைக்காகத் தயாராகும் எல்லா விமானத்துக்கும் இது கட்டாயமானது. முன்னால் இருக்கிறவருக்கு வசதி கூடுதல். பாதுகாப்பில் ஒரு பைசா கூடுதல் இல்லை.

இப்போது நெளிவு எங்கே என்று பாருங்கள். எகானமியில் எல்லாரும் நேராக முன்பக்கம் பார்த்து உட்காருகிறார்கள். பிஸினஸில் எல்லாருக்கும் நடைபாதை வேண்டும், ஜன்னலும் வேண்டும், கால் நீட்டப் படுக்கையும் வேண்டும். அதனால் இருக்கைகளை மீன் முள் மாதிரி சாய்த்து அடுக்குகிறார்கள். சாய்ந்து உட்கார்ந்தவன் மோதலில் நேராகப் போக மாட்டான். உடம்பு திருகிக் கொள்ளும். 18 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் வெறும் இடுப்பு பெல்ட் போதாது. தோள் பெல்ட் அல்லது உடம்பைத் தாங்குகிற ஏற்பாடு வேண்டும். பல இருக்கைகளில் பெல்ட்டுக்குள்ளேயே காற்றுப்பை. கதவு வைத்தால் இன்னொரு வம்பு. பயணிக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே கதவு கூடாது என்பது அமெரிக்க விதி. ஆகவே ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாக விலக்குக் கேட்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் கதவு திறந்த நிலையில் பூட்டிக் கொள்ளும் என்றும், மோதலில் சிக்கிக் கொண்டாலும் ஆள் வெளியே வர வழி உண்டு என்றும் நிரூபிக்க வேண்டும். விமானத்தில் உள்ள அத்தனை பேரும் பாதி வழிகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடியில் வெளியேற வேண்டும் என்ற பெரிய விதி எப்போதும் தலைக்கு மேல் நிற்கிறது.

நெருப்பை விட்டுவிட்டேன். 1983 ஜூன் 2-ஆம் தேதி ஏர் கனடாவின் டிசி-9 விமானம் உள்ளே தீயோடு சின்சினாட்டியில் இறங்கியது. நல்லபடியாகத்தான் இறங்கியது. கதவுகளைத் திறந்து இரண்டு நிமிஷத்துக்குள் உட்புறம் குப்பென்று பற்றிக்கொண்டது. 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் வந்த விதிப்படி, இருக்கை மெத்தையை மண்ணெண்ணெய்ச் சுடரில் இரண்டு நிமிஷம் காட்ட வேண்டும். எடையில் 10 சதவீதத்துக்கு மேல் கருகிப் போகக் கூடாது. விமானக் கம்பெனி துணியின் நிறத்தையோ தோலையோ மாற்றினால், அந்தச் சேர்க்கையும் தீயில் தேற வேண்டும். "மெரூன் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சிவப்பு" என்று ஒருவர் லண்டனில் உட்கார்ந்து சொன்னால் இங்கே எங்களுக்கு இரண்டு மாத வேலை.

இன்னொரு காரணம் தொழில் நடக்கிற முறை. விமானத்தை ஏர்பஸ்ஸோ போயிங்கோ கட்டுகிறது. ஆனால் பிஸினஸ் இருக்கையைப் பெரும்பாலும் விமான சேவைக் கம்பெனியே வேறு இடத்தில் வாங்கிக் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். கல்யாண மண்டபக்காரர் வேறு, நாற்காலிக்காரர் வேறு. நாற்காலி லாரி வராவிட்டால் முகூர்த்தம் நிற்கும். அந்த நாற்காலி செய்கிறவர்களோ உலகத்தில் விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள்: சாஃப்ரான், காலின்ஸ், ரெக்காரோ, தாம்சன், இன்னும் சிலர். லுஃப்தான்சா தன் அலெக்ரிஸ் இருக்கைகளோடு 787-9 விமானத்தை 2025 அக்டோபரில் ஓட்ட ஆரம்பித்தபோது, 28 பிஸினஸ் இருக்கைகளில் 4-இல் மட்டுமே பயணிகள் உட்காரலாம் என்ற நிலை. மீதி 24-க்குச் சான்றிதழ் வந்து சேரவில்லை. புத்தம் புது நாற்காலிகள், பளபளவென்று, காலியாக. செய்தி படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதங்களின் மறுபக்கத்தில் என்னைப் போல எத்தனை பேர் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

இண்டிகோ இந்த வம்பிலேயே மாட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் பிஸினஸ் கிளாஸ் அறிவித்து, நவம்பரில் டெல்லி-மும்பை வழியில் ஓட்டிவிட்டார்கள். ஏ321-இல் 12 இருக்கைகள். படுக்கை கிடையாது, கதவு கிடையாது. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு எதற்கு? என் தொழிலுக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்றாலும், அது புத்திசாலித்தனம்.

இத்தனை அவசரத்தில் ஒருவன் பொய் சொன்னால் என்ன ஆகும்? நடந்திருக்கிறது. ஜப்பானில் கொய்டோ என்ற கம்பெனி. பேர் பெற்ற இருக்கை வேலைக்காரர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்பட பெரிய பெரிய கம்பெனிகள் வாடிக்கை. 2010-இன் தொடக்கத்தில், சோதனைத் தரவுகளை ஆண்டுக் கணக்கில் திருத்தி வந்தது வெளியே வந்தது. வலிமைச் சோதனையிலும், நெருப்புச் சோதனையிலும். 32 விமானக் கம்பெனிகள், ஏறத்தாழ 1,000 விமானங்கள், 1,50,000 இருக்கைகள். மறு வருஷம் அமெரிக்க ஆணையம் அந்த இருக்கைகளைத் திரும்பச் சோதிக்கவும், தேறாதவற்றைக் கழற்றவும் உத்தரவு போட்டது. யாரோ ஒரு கெட்டவன் திட்டம் போட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. தேதி நெருங்கியிருக்கும், ஆர்டர் குவிந்திருக்கும், எண் கொஞ்சம்தான் மேலே இருந்திருக்கும்.

அந்த 'கொஞ்சம்' எனக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன் ஒரு வெளிநாட்டுச் சோதனைக்கூடத்தில் இருந்தேன். பேர் வேண்டாம். பொம்மையின் தலை பக்கத்துப் பலகையின் விளிம்பில் இடித்தது. எண் 1,070. திட்டம் ஏற்கெனவே ஐந்து மாதம் தாமதம். அறையில் ஒரு குரல், "கருவிக் கோளாறாக இருக்குமோ?" என்றது. கேள்வியாகத்தான் கேட்டார், ஆனால் எல்லாரும் அதைப் பிடித்துக் கொள்ள ஆசைப்பட்டோம். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த ஒரு சோதனைப் பொறியாளர் ஒன்றும் பேசாமல் போய், கருவியைக் கழற்றி, அளவு சரிபார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். விளிம்பை மாற்றி, உள்ளே நசுங்கும் நுரை வைத்து, அச்சைத் திரும்பச் செதுக்கி, மறுபடி சோதிக்க பதினோரு வாரம். எண் 640. அந்தப் பதினோரு வாரத்துக்கு விமானக் கம்பெனி எங்களைத் திட்டியது. விமானக் கம்பெனியைப் பயணிகள் திட்டினார்கள். அந்தப் பலகை விளிம்பு இப்போது பறந்து கொண்டிருக்கிறது. அதில் இதுவரை யாரும் தலை இடித்துக் கொண்டதில்லை.

"இதெல்லாம் பணக்காரனுக்குச் செய்கிற சேவைதானே?" என்று நேற்று இரவு விடுதியில் ஒரு தம்பி கேட்டான். பாதி உண்மை. நெடுந்தூர விமானத்தில் முன்னால் இருக்கும் கொஞ்சம் பேர் தரும் வருமானம் பெரிது. அந்த வருமானம் இல்லாவிட்டால் பல வழித்தடங்கள் ஓடவே ஓடாது. ஆனால் முன்னால் இடம் விரிய விரியப் பின்னால் நெருக்குவதும் நடக்கிறது. அதை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் உண்டு: பிஸினஸ் இருக்கையில் வேலை பழகியவன் கையிலேயே எகானமி இருக்கையின் சான்றிதழும் வருகிறது. நான் இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறவன்.

2025 ஜூன் 12, அகமதாபாத் விபத்தைப் பற்றியும் கேட்டான். விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். மாற்ற வேண்டிய 787-8-களின் எண்ணிக்கை 27-லிருந்து 26 ஆனது இப்படித்தான். அத்தனை பெரிய மோதலில் இருக்கை செய்யக் கூடியது எதுவும் இல்லை. எங்கள் விதிகள் பிழைக்க வாய்ப்புள்ள விபத்துகளுக்கானவை. அந்த எல்லையை மறைத்துப் பேசுவது சரியில்லை.

கடைசி வருஷத் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. இந்த வேலைக்கு வர பெரிய கல்லூரிப் பட்டம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இந்த வேலை நடக்கிறது. பொருள் வலிமைப் பாடத்தை மார்க்குக்காகப் படிக்காமல், கையால் ஒரு விட்டத்தின் வளைவைக் கணக்குப் போட்டு, பிறகு கணினி சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் ஏன் என்று இரண்டு பக்கம் இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள். எங்கள் வேலையில் பாதி அந்த இரண்டு பக்கம்தான். லீவில் ஊருக்குப் போனால், ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிற இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள்; அடுக்கு எங்கே பிரிகிறது என்று அவர்கள் விரலால் தட்டியே சொல்வார்கள். நாங்களும் நாணயத்தால் தட்டித்தான் முதலில் கண்டுபிடிக்கிறோம். அப்புறம்தான் கருவி.

விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். உடைந்த இருக்கைக் கால் ஒன்றைப் பையில் கொண்டு வந்திருக்கிறேன். எந்த இடத்தில் முறிந்தது, ஏன் அந்த இடத்தில் என்று நீங்களே சொல்லுங்கள்.